பரமார்த்த குருவும் நமது பிள்ளைகளும்

பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம் என்று நமது பெரியவர்களைக் கேட்டால், "இராமாயணம் கொடு, பாரதம் கொடு, பக்தர் சரித்திரம் கொடு, அப்போதுதான் பையன் ஒழுங்காய் வளருவான்" என்று தயக்கமில்லாமல் பதில் சொல்லுவார்கள். இராமாயணத்திலும் குரங்குகள் வருகின்ற இடத்தில் பிள்ளை சிரிக்கத்தான் செய்கின்றது. ஆனால் சிரித்த பிள்ளையைப் பார்த்து, "சாமி கதையில் சிரிக்காதே, கன்னத்தில் போட்டுக்கொள்" என்று பக்கத்திலிருப்பவர்கள் அதட்டுகின்றார்கள். சிரிப்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் இடம் கொடுக்காத கதையினால் பிள்ளைக்கு என்ன அறிவு வளரும் என்று கேட்கின்றோம்.

எந்த மடமும் மான்யம் விடாமலும், எந்தக் கோயிலும் உற்சவம் நடத்தாமலும், எந்தக் கடவுளும் கனவில் வந்து உத்தரவு கொடுக்காமலும், தமிழ்ப் பிள்ளைகளிடத்தில் தலைமுறை தலைமுறையாய் உயிரோடிருக்கின்ற கதை ஒன்று உண்டு. அதுதான் பரமார்த்த குரு கதை. இத்தாலி தேசத்தில் 1680-ம் வருஷத்தில் பிறந்து, பாதிரியாய்த் தமிழ்நாட்டுக்கு வந்து, வீரமாமுனிவர் என்று பெயர் பெற்ற பெஸ்கி என்பவர் அதை எழுதினார். 1822-ம் வருஷத்தில் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் தமிழையும் தமது இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் சேர்த்து லண்டனில் அச்சிட்டார். அதற்கப்புறம் எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன.

இந்தக் கதை ஏன் சாகவில்லை? அதைப் படிக்கின்ற பிள்ளை, அதில் வருகின்ற குருவைவிடப் புத்திசாலியாய் இருக்கின்றது என்பதுதான் காரணம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். குருவோடு ஆறு பேர் ஆற்றைக் கடக்கின்றார்கள். கரையேறினதும் எண்ணிப் பார்க்கின்றவன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஐந்து பேர்தான் இருக்கின்றோம், ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுகின்றான். அவ்வழியாய் வந்த ஒருவன் மந்திரத்தினால் ஆளை வரவழைப்பதாய்ச் சொல்லிப் பணம் பேசிக்கொண்டு, வரிசையாய் நிறுத்தி ஆளுக்கு ஓர் அடி கொடுத்து எண்ணச் சொல்லுகின்றான். ஆறு பேரும் இருக்கின்றார்கள்! எட்டு வயதுப் பிள்ளைகூட, "அட, தன்னை எண்ண மறந்துவிட்டானே!" என்று கத்துகின்றது. அடியும் வாங்கிப் பணமும் கொடுத்தவர்களுக்குத் தெரியாததைத் தன் புத்தியைக் கொண்டே தெரிந்துகொண்டோம் என்கின்ற சந்தோஷம் அந்தப் பிள்ளைக்கு வேறு எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

நிற்க. இக்கதைகளில் பெரியவர்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது குதிரையிலிருந்து குரு விழுந்த கதையாகும். குருவின் தலைப்பாகை வழியில் விழுந்தபோது சீடர்கள் அதை எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு, விழுவதையெல்லாம் எடுங்கள் என்றார். குதிரை போட்ட சாணத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே எடுக்க வேண்டிய சாமான்களுக்கு ஒரு ஜாப்தா எழுதிக் கொடுத்தார். கொஞ்சதூரம் போனதும் குருவே பள்ளத்தில் விழுந்தார். சீடர்கள் ஜாப்தாவைப் பிரித்துப் படித்தார்கள். அதில் குருவின் பெயர் இல்லை! எழுதாததை எப்படி எடுப்பது என்று நின்றுவிட்டார்கள். குரு விழுந்த இடத்திலிருந்தே தம்மையும் அதில் எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்கினார்கள்.

தோழர்களே! இதைக் கேட்டு நாம் சிரிக்கின்றோம். ஆனால் நாம் செய்தது என்ன? 1924-ம் வருஷத்தில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதன் நடக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, நடப்பவனுக்குக் கால் இருக்கின்றதா, தெரு பொதுவானதா என்று பார்த்தார்களா? மாமூல் என்ன, சாஸ்திரம் என்ன என்றுதான் ஏட்டைப் புரட்டினார்கள். பள்ளத்தில் விழுந்து கிடக்கின்ற மனிதனைத் தூக்குவதற்கு ஏட்டில் இடமிருக்கின்றதா என்று தேடுகிறவனுக்கும் பரமார்த்த குருவின் சீடனுக்கும் என்ன வித்தியாசம்? சீடர்களாவது குரு எழுதிக் கொடுத்தவுடனே தூக்கினார்கள். நமது சாஸ்திரக்காரர்களோ, விழுந்தவன் கையில் எழுத்தாணியே கொடுக்கக் கூடாது என்றார்கள்.

இன்னொரு கதையைப் பாருங்கள். சீடன் ஒருவன் தான் உட்கார்ந்திருக்கின்ற கிளையையே வெட்டுகின்றான். வழியில் போன பார்ப்பனப் புரோகிதர், "விழுந்துவிடுவாய்" என்று சொல்லுகின்றார். அவன் விழுந்தான். உடனே, நடக்கப்போவதை அறிந்த மகான் இவர் என்று தீர்மானித்து, குருவுக்கு மரணம் எப்போது என்று அவரிடமே கேட்கின்றான். அவர் சொன்ன ஒரு சொல்லை நம்பிப் பயந்தே குருவும் சீடர்களும் குருவின் முடிவைத் தேடிக்கொள்ளுகின்றார்கள். கிளையை வெட்டினால் விழுவது இயற்கை. இயற்கைக்கு மகிமை கட்டினவுடனே அதைச் சொன்னவன் சோசியனாகிவிடுகின்றான்!

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 1995-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி பிள்ளையார் பால் குடிக்கின்றார் என்று தேசமெங்கும் படித்தவர்களும் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். கரண்டியின் விளிம்பில் நிற்கின்ற பால் ஈரக்கல்லில் பட்டால் இழுபட்டு மெல்லிய படலமாய்க் கீழே வழியும். பாலில் சாயம் கலந்து பார்த்தபோது, அது சிலைமேல் வழிந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலை கொடுத்து வாங்கின சீடர்களுக்கும் இவர்களுக்கும் எத்தனை தூரம்?

"அதை எழுதியவரே ஒரு பாதிரிதானே! அவர் தம் மதத்தை இப்படிக் கேலி செய்தாரா?" என்று சிலர் கேட்கலாம். செய்யவில்லை என்பது வாஸ்தவம். ஊரார் குருவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னவர், தமது குருபீடத்தின் பக்கம் அந்த விளக்கைத் திருப்பவில்லை. ஆனால் விளக்கு யார் ஏற்றியதானாலும் வெளிச்சம் எல்லாப் பக்கத்துக்கும் பொதுதான். சிரிக்கப் பழகின பிள்ளை, மடத்தைப் பார்த்தும் சிரிக்கும், மாதா கோயிலைப் பார்த்தும் மசூதியைப் பார்த்தும் கேட்கும். நம்மைப் பார்த்தும் கேட்கும். கேட்கட்டும். நாம் சொல்லுவதையும் ஜாப்தாவாக மடித்து வைத்துக்கொள்ளுகின்ற சீடர்கள் நமக்கு வேண்டியதில்லை.

டென்மார்க் தேசத்து ஆண்டர்சன் 1837-ம் வருஷத்தில் எழுதிய கதையில், ராஜா உடுப்பில்லாமல் ஊர்வலம் போவதை முதலில் சொன்னது மந்திரியல்ல, ஒரு குழந்தை. அதனால்தான் அந்தக் கதையும் தேசம் விட்டுத் தேசம் போய் வாழுகின்றது. பயமில்லாத கண்ணுக்கு மரியாதை கொடுக்கின்ற புத்தகத்தைப் பிள்ளைகள் ஒருநாளும் கைவிடுவதில்லை.

ஆகவே தோழர்களே, வீட்டில் பிள்ளை இருந்தால் பரமார்த்த குரு கதையை வாங்கிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளையைவிட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவில் "இதன் நீதி என்ன?" என்று கேட்டுப் பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பிள்ளை சிரிக்கும். அப்புறம் உங்கள் கையிலிருக்கின்ற கயிற்றையும், வாசலில் கட்டியிருக்கின்ற பூசணிக்காயையும் பார்த்து ஏதாவது கேட்கும். அப்போது அதட்டாமல் பதில் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் கயிற்றையும் பூசணிக்காயையும் அவிழ்த்துவிடுங்கள்.