அம்புக்குறி எங்கே?

சிவப்பாக அடித்துவிட்டால் ஆயிற்றா? நாங்கள் இங்கே முளைக்கவில்லை ஐயா, கொண்டுவந்து கொட்டினார்கள்!

சென்னையில் எங்கெல்லாம் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள் என்று வரைபடம் போடுகிறீர்கள். வருமானம், கழிப்பறை, படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எல்லாவற்றையும் கணக்கெடுத்து வட்டாரத்துக்கு ஒரு வண்ணம். நுங்கம்பாக்கமும் போட் கிளப்பும் பச்சையாகச் சிரிக்கின்றன. தெற்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் சிவந்து கிடக்கின்றன. ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னாலேயே இப்படியா என்று வியக்கிறீர்கள். வியக்க என்ன இருக்கிறது? 2000 வாக்கில் கண்ணகி நகர். 2004-ல் கடல் வந்தது. பின்னாலேயே லாரி வந்தது, செம்மஞ்சேரிக்கு. 2015-ல் ஆறு வந்தது. மறுபடி லாரி, பெரும்பாக்கத்துக்கு. எங்கே ஏற்றினார்கள், எங்கே இறக்கினார்கள் என்று ஒரு அம்புக்குறி, ஒரே ஒரு அம்புக்குறி, உங்கள் படத்தில் உண்டா?

நான் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக்காரி. பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிற சமயமாகப் பார்த்து ஜேசிபி வந்தது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தவள். நாலும் நடந்துபோகிற தூரம். இப்போது பெரும்பாக்கத்தில் விடியுமுன்னே பஸ்ஸுக்கு நிற்கிறேன். பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லைதான், நல்லது. போய்வருகிற நேரத்தை யார் தருவார்கள்? இரண்டு வீட்டு வேலை கைவிட்டுப் போயிற்று. உங்கள் கணக்கில் என் வருமானம் பாதியாகத் தெரிகிறதே, அது இப்படிப் பாதியானது. எட்டு அடுக்கில் லிஃப்ட் நின்றுபோன அன்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள். மேல்மாடித் தாத்தா செத்தபோது பாயில் சுருட்டி, படி திரும்புகிற இடத்திலெல்லாம் உடம்பைச் சாய்த்துச் சாய்த்துத்தான் இறக்கினார்கள். மகன் வேலை கேட்டுப் போனால் முகவரியைப் படித்ததும் எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறது. அந்தச் சிவப்பு மையை அவர்கள் உங்களுக்கு முன்னாலேயே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

கணக்கெடுப்பு எங்களைக் காப்பாற்றிய காலமும் உண்டு. 1971-ல் வந்த குடிசைப் பகுதிச் சட்டப்படி சென்னையில் 1,202 இடங்களைப் பட்டியலில் ஏற்றினார்கள். ஏறிய இடத்தை நினைத்தபோது பிய்த்தெறிய முடியாது. 1985-ல் இன்னும் 17 சேர்ந்தன. அதன்பிறகு பேனாவை மூடியது மூடியதுதான். பட்டியலில் ஏறாதவன் ஆக்கிரமிப்பாளன். அதுவும் ஆற்றோரம் குடியிருந்தால் 'ஆட்சேபகரமான' ஆக்கிரமிப்பாம். கோப்பில் அப்படித்தான் எழுதுகிறார்கள். மூன்று தலைமுறை சமைத்துச் சாப்பிட்ட வீட்டுக்கு அந்தப் பெயர்.

ஆற்றங்கரை ஆபத்து என்றார்கள். சரி. பிடுங்கி நட்ட இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம்! ஊர் வெள்ளமெல்லாம் வடிந்து வந்து சேருகிற இடம். 2022-ல் அதற்கு ராம்சர் தகுதி கொடுத்துக் கொண்டாடினார்கள். நீர் தங்குகிற நிலம் என்று உலகத்துக்கே சொல்லத் தெரிந்தது, எங்களுக்குச் சாவி கொடுத்தபோது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

மீனம்பாக்கத்தில் விமான ஓடுபாதை ஒன்று அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி நீண்டு கிடக்கிறது. அதே ஆறுதான். 2015-ல் அதே வெள்ளம் விமான நிலையத்துக்குள்ளும் புகுந்து விமானங்கள் நின்றன. அதை யாரும் லாரியில் ஏற்றவில்லை. உங்கள் படத்தில் அதற்கு என்ன வண்ணம் ஐயா?