பழகிவிட்டு வா என்பவர்களிடம்

திருப்பத்தூரில் பட்டம் வாங்கிய பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்றால் ஊரே ஒரு காரணத்தைத்தான் சொல்கிறது: “அனுபவம் இல்லை.” முதலாளி சொல்கிறார், கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார், பிள்ளையின் அப்பாவும் தலையாட்டுகிறார். வேலையைக் கற்றுக்கொண்டுதான் முதல் வேலைக்கே வரவேண்டுமாம். இதைப்போல அநியாயமான பேச்சு வேறில்லை. பழக்கவேண்டியது வேலை கொடுப்பவர். அந்தச் செலவைப் பிள்ளையின் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளைப் பாருங்கள். பத்தாவது முடித்துத் தையலுக்கு வரும் பெண்ணை மிஷினில் உட்காரவைத்து, கழிவுத் தோல் துண்டைக் கையில் கொடுக்கிறார்கள். தையல் நேராக ஓடும்வரை பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். வளைவு திரும்பும் இடத்தில் எங்கே வேகத்தைக் குறைப்பது என்று காட்டுகிறார். கை பழகியபின் ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனுக்கு அனுப்புகிறார்கள். தைக்க ஆள் வேண்டும், அதனால் பழக்குகிறார்கள். ஆபீஸில் கணக்கெழுத வரும் பி.காம். பட்டதாரியிடம் மட்டும் ஏன் இரண்டு வருஷ அனுபவம் கேட்கவேண்டும்? அந்த வேலைக்கு வாசலில் கூட்டம் நிற்கிறது. வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதே அனுபவப் பேச்சு இப்போது கோர்ட்டுக்கும் வந்துவிட்டது. ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, குழந்தை பிறந்த சில நாளிலேயே சிவில் நீதிபதித் தேர்வு எழுதி, 2024-ல் 23 வயதில் தேர்வானார். முதலமைச்சர் வாழ்த்தினார், நாமெல்லாம் மகிழ்ந்தோம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷம் வக்கீலாக இருந்தவர்களே இனி அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஐந்து வருஷச் சட்டப் படிப்பு முடித்தவருக்கு 23 வயதில் அது எப்படி வாய்க்கும்?

கோர்ட் நடைமுறை தெரியாத நீதிபதியால் ஏழைக்குத்தானே கேடு என்பார்கள். உண்மைதான். அதற்கான வழியையும் அதே நீதிமன்றம் 2002-லேயே காட்டியது. அப்போது இருந்த மூன்று வருஷ நிபந்தனையை நீக்கி, தேர்வானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குக் குறையாமல், கூடுமானால் இரண்டு வருஷம், பயிற்சி கொடுங்கள் என்றது. அந்தப் பயிற்சி போதவில்லை என்றால் பயிற்சியைத்தானே சரிசெய்யவேண்டும்?

மூன்று வருஷம் ஒரு வக்கீலிடம் ஜூனியராக யாரால் தாக்குப்பிடிக்க முடியும்? சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தரவேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லவேண்டியிருந்தது. டவுனில் சொந்த வீடும் சொந்தத்தில் ஒரு வக்கீலும் இருப்பவர் சமாளிப்பார். ஜவ்வாது மலையின் புதூர்நாட்டிலிருந்து இறங்கிவரும் பெண்ணுக்கு வாடகை யார் கட்டுவது? சாமையும் புளியும் விற்ற காசு காலேஜ் பீஸோடு தீர்ந்துபோயிருக்கும்.

கோர்ட்டை விட்டுக் கம்பெனிக்கு வந்தாலும், பழக்குவது முதலாளியின் தயவு அல்ல, 1961-ஆம் வருஷத் தொழில் பழகுநர் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் நிறுவனம், ஆள்பலத்தில் 2.5 சதவீதமாவது பழகுநர்களை உதவித்தொகையோடு எடுத்தாகவேண்டும். 2014 திருத்தத்துக்குப் பிறகு பி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கும் அதில் இடம் உண்டு. அடுத்தமுறை ஒரு முதலாளி உங்கள் பிள்ளையிடம் அனுபவம் கேட்டால், இந்த வருஷம் எத்தனை பழகுநர்களை எடுத்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள்.