வேகம் குறைந்த குழாயும் விலை குறைந்த வீடும்

வணிக நண்பர்கள் பலர் கல்லாவில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கடைசியில் போடுவது ஒரு சொந்த வீட்டில்தான். குன்றாண்டார்கோவில் பக்கம் வீடு பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், "இடம் பிடித்திருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. ஆனால் குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகுகிறது. வாங்கலாமா?" என்று கேட்டார். காரணம் தெரியாமல் வாங்குங்கள் என்று சொல்வதும் தவறு, வேண்டாம் என்று சொல்வதும் தவறு.

கிடங்கு நிறையச் சரக்கு இருந்தும் வாசல் குறுகலாக இருந்தால் மூட்டைகள் மெதுவாகத்தான் வெளியே வரும். வாசலை இடித்துப் பெரிதாக்கிக் கொள்ளலாம். கிடங்கே காலி என்றால் வாசலைப் பெரிதாக்கி என்ன பயன்? தண்ணீருக்கும் இதே கணக்குதான். வேகம் வேறு, வரத்து வேறு.

வேகக் குறைவுக்குப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்கும். பழைய இரும்புக் குழாய்களில் துருவும் உப்பும் படிந்து துவாரம் அடைத்துப் போகும். உள்விட்டம் பாதியானால் வரும் தண்ணீர் பாதியாகக் குறைவதில்லை. அதைவிடப் பல மடங்கு குறைந்துவிடும். மாடித் தொட்டி தாழ்வாக இருப்பது இன்னொரு காரணம். 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். இந்தக் குறைகள் பிளம்பர் தீர்க்கக் கூடியவை. செலவைக் கணக்கிட்டு அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பேரம் பேச நமக்கா தெரியாது?

வரத்துக் குறைவு அப்படியல்ல. அதை அறிய எளிய வழி உண்டு. ஊராட்சித் தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் போய், தெருவிலிருந்து வரும் இணைப்பில் 15 லிட்டர் வாளியை வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமப்புறத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 220 லிட்டர். வாளி நிறைய 3 நிமிடம் ஆனால் 44 நிமிடத்தில் அந்தத் தண்ணீர் சேர்ந்துவிடும். தினமும் ஒரு மணி நேரம் தண்ணீர் வருகிற தெருவானால், தரைத்தொட்டி ஒன்று கட்டிச் சமாளித்துக் கொள்ளலாம். வாளிக்கு 6 நிமிடம் ஆனால் 88 நிமிடம் வேண்டும்; அந்த ஒரு மணி நேரம் போதாது.

"வீட்டில் போர் இருக்கிறதே" என்பார் விற்பவர். குன்றைக் குடைந்து கோயில் எடுத்த ஊர் அது. கடினப் பாறைப் பகுதியில் தண்ணீர் நிற்பது பாறைக்கு மேலுள்ள மண்ணிலும், பாறையின் வெடிப்புகளிலும்தான். நம் மாவட்டத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தை மாதம் போரைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பவர் வைகாசியில் வருந்த நேரிடும். கோடையில் ஒருமுறை பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். தெருக்கோடி வீட்டாரிடம் அவசியம் கேளுங்கள். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அந்த வீட்டில் உண்மையில் இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

"ஒரு மோட்டாரை வைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். தரைத்தொட்டியிலிருந்து மேலே ஏற்ற மோட்டார் வைப்பது முறை. பொதுக் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது முறைகேடு. அடுத்த வீட்டின் பங்கு நம் தொட்டிக்கு வரும். குழாயில் கசிவு இருந்தால் சாக்கடை நீரும் கூடவே வரும். எடைக்கல்லில் குறை வைக்காத வியாபாரி இதைச் செய்யலாமா?

இன்னொன்று. காலையில் நாம் கடை திறக்கப் போய்விடுவோம். குடத்தோடு காத்திருப்பது வீட்டுப் பெண்கள். ஆகவே வீடு பார்க்க அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதுவே முடிவாக இருக்கட்டும்.

என் கருத்து இதுதான்: வேகம் குறைந்த வீட்டை விலை குறைத்து வாங்கலாம். வரத்து இல்லாத வீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். லாரித் தண்ணீருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பணம் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை. ஆனால் அதுவும் அந்த வீட்டின் விலைதான்.