நிழலா, பூவா?

சென்ற மாதம் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு சகோதரி கேட்டார்: “அக்கா, வளவில ஒரு கண்டுக்குத்தான் இடமிருக்கு. வேம்பு வைக்கிறதோ, செவ்வரத்தை வைக்கிறதோ?” நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: “வேம்பு நிழல் தர அஞ்சாறு வருஷம் செல்லும். அதுவரைக்கும் இந்தக் காணியில இருப்பமோ ஆருக்குத் தெரியும்?” ஒருவரும் சிரிக்கவில்லை. வைத்த மரங்களை விட்டுவிட்டுப் பலமுறை இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள்.

ஆகவே முதலில் காணியைப் பார்ப்போம். உறுதியோ அனுமதிப்பத்திரமோ உங்கள் பெயரில் இருந்தால் யோசிக்க வேண்டாம், மரத்தையே வையுங்கள். கணவர் காணாமற்போய், பத்திரம் அவர் பெயரிலேயே இருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். மரம் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உறவினர் வளவில் இருப்பவர்கள் சொந்தக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வையுங்கள். மரம் ஆருடையது என்று பிறகு சண்டை வரக்கூடாது. இவர்களுக்குச் செவ்வரத்தைதான் நல்லது. ஒரு தடியை வெட்டி எடுத்துக்கொண்டு எங்கும் போகலாம்.

தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் இரண்டு மணிக்கு இருந்து பார்த்தவர்களுக்கு நிழலின் பெறுமதி தெரியும். வயோதிபத் தாயையும் கைக்குழந்தையையும் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அந்த வெயில் மேற்கிலிருந்து வருகிறது. எனவே மரத்தின் இடம் அழகான முன்வாசல் அல்ல, வீட்டின் மேற்குப் பக்கம். சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி வையுங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் கிட்ட வேண்டாம். செவ்வரத்தை எவ்வளவு செழித்தாலும் கூரைக்கு நிழல் தராது.

வேப்பம்விதை காய்ந்து கிடந்தால் முளைக்காது. விழுந்த பழத்தின் சதையை நீக்கிச் சில நாட்களுக்குள் ஊன்றுங்கள். பொறுமை இல்லாதவர்களுக்குப் பூவரசு இருக்கிறது. மாரி தொடங்கியவுடன் ஒரு தடித்த கதியாலை ஊன்றினால் வேர்விடும். குழை ஆட்டுக்கும் ஆகும், பசளைக்கும் ஆகும். முருங்கை கறிக்கு உதவும், ஆனால் நிழல் ஐதானது, காற்றுக்கு முறியும்.

குழி வெட்டும்போது இனந்தெரியாத இரும்புப் பொருள் எதுவும் தென்பட்டால் தொடாதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டுக் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

ஐப்பசி மழையோடு நட்டால் மார்கழிவரை தண்ணீர் சுமக்கும் வேலை குறைவு. முதல் இரண்டு கோடைதான் கண்டம். அடியில் சிறு துளையிட்ட பழைய மண்பானையைக் கன்றின் அருகே கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். வேருக்கு மெல்ல மெல்லக் கசியும். கன்றைச் சுற்றி முள்ளும் கட்டுங்கள். ஆட்டுக்கு இரக்கம் இல்லை.

பூ வேண்டும் என்பவர்கள் மனம் சோரத் தேவையில்லை. செவ்வரத்தைக்கு ஒரு முழ இடம் போதும். வேலி ஓரமாக, கிணற்றடித் தண்ணீர் ஓடும் பக்கத்தில் பென்சில் பருமனான இரண்டு தடிகளை ஊன்றிவிடுங்கள். நுனியில் வெள்ளைப் பஞ்சுபோலப் பூச்சி பிடித்தால் அந்த நுனியை வெட்டி எரித்துவிட்டு, மிச்சத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள்.