புதியது வந்தால் பழையது வீணா?

புதுப் பொருள் ஒன்று வந்துவிட்டால் பழைய பொருள் கண்ணுக்குப் பிடிக்காமல் போவது மனித இயல்பு. புதுக் குடை வந்ததும் பழைய குடை மூலைக்குப் போகிறது. கணினிக்கும் இதே கதிதான். இவ்வாண்டு மலரின் பக்கங்களை அமைப்பதற்காக உயர்திறன் மடிக்கணினி ஒன்று நம் பள்ளிக்கு வந்தது. மலர்க் குழுவைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சில வாரங்களாக அதில் வேலை செய்து வருகிறோம். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காத தோழியர் இல்லை. அதற்கு விடை கூறுவதுடன் எங்கள் கருத்தொன்றையும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் நிறைகளைச் சொல்வோம். பழைய கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடித்து வரலாம். புதியதிலோ, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வதற்குள் திரை ஒளிர்கிறது. படங்கள் நிறைந்த பக்கங்களை ஒன்றாகத் திறந்தாலும் அது திணறுவதில்லை. ஆண்டு விழாப் புகைப்படங்களைப் பார்த்துப் பிரிக்க முன்பு இரண்டு மாலைகள் வேண்டியிருந்தன; இப்போது ஒரு மாலையே மிச்சமாகிறது.

குறைகளும் உண்டு. எடை அதிகம். சார்ஜரே செங்கல் போல் கனக்கிறது. வீடியோவைத் தொகுக்கும்போது அடிப்பாகம் சுடுகிறது; உள்ளிருக்கும் விசிறி இரைகிறது; பேட்டரி விரைவில் தீர்கிறது. கடுமையாக உழைக்கும் செயலி அதிக மின்சாரத்தை எடுத்துக்கொண்டு அதை வெப்பமாக வெளியிடுவதே இதற்குக் காரணம்.

இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? எங்கள் கணினி ஆசிரியை விளக்கினார். பழைய கணினியில் இருந்தது ஹார்டு டிஸ்க். அதனுள் காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல, சிறு கை ஒன்று அங்குமிங்கும் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கும். 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கும் இதே முறையில்தான் இயங்கியது. அதில் 50 தட்டுகள் இருந்தும் ஏறத்தாழ 5 மெகாபைட் அளவே சேமிக்க முடிந்தது. புதிய கணினியில் சுழலும் தட்டே இல்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவக முறையில் அமைந்த எஸ்.எஸ்.டி. அதில் உள்ளது. தேடி அலையும் கை இல்லை. ஆகவே நமக்குக் காத்திருப்பும் இல்லை.

நம்மை வியக்க வைத்த வேகத்தில் பெரும்பகுதி, விலை உயர்ந்த செயலியால் வந்ததன்று; இந்த ஒரு பாகத்தால் வந்தது. இதை எங்களுக்கு மெய்ப்பிக்கவே ஆசிரியை பழைய கணினியின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினார். 4 ஜிபி நினைவகத்தை 8 ஜிபி ஆக்கினார். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டதால், கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றினார். புதியதன் விலையில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. இன்று அது நூலகத்தில் இருக்கிறது. வீட்டில் கணினி இல்லாத மாணவியர் அதில் தமிழ்த் தட்டச்சுப் பழகுகிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள்.

அப்படியானால் உயர்திறன் கணினியே வேண்டாமா? வேண்டும். வீடியோ தொகுப்புக்கும் முப்பரிமாண வரைபடத்துக்கும் அது தேவை. ஆனால் பாடம் படிக்க அது தேவையில்லை. எங்கள் மேசையைச் சுற்றி நின்ற தோழியர் சிலர், வீட்டுக்குப் போய் "எனக்கும் இதேபோல் வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்காக ஒரு தாயார் வளையலை அடகு வைக்க எண்ணியதாகக் கேள்விப்பட்டு வருந்தினோம்.

1969இல் மனிதனை நிலவில் இறக்கிய அப்பல்லோ கலத்தின் கணினியில், வேலை செய்வதற்கான நினைவகம் ஏறத்தாழ 4 கிலோபைட்தான். எங்கள் புதிய கணினியின் 16 ஜிபி அதைப்போல் 40 லட்சம் மடங்குக்கும் மேல்! அச்சிறு கணினிக்கு மென்பொருள் எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹாமில்டன் என்னும் பெண்மணி. கருவியின் திறனைவிடக் கற்றவரின் திறனே பெரிது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தோழியரே, புதியதைக் கேட்குமுன் எந்த வேலைக்காகக் கேட்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பெற்றோரே, "பெண் பிள்ளைக்குக் கணினி எதற்கு?" என்று மறுத்துவிடாதீர்கள், கடன் வாங்கவும் ஓடாதீர்கள். அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினியை முதலில் எடுத்துத் திறந்து பாருங்கள். உங்கள் மகளுக்கு இப்போதைக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

— மலர்க் குழுவினர் சார்பில், பத்தாம் வகுப்பு மாணவி