ஒட்டுப் போடாதவர் யார்?

மென்பொருளின் கிழிசலுக்குப் போடும் ஒட்டைப் 'பேட்ச்' என்கிறார்கள். 2017 மார்ச்சில் 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' மென்பொருளின் ஓட்டை அறிவிக்கப்பட்டபோதே ஒட்டும் வெளியானது, இலவசமாக. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் தன் முறையீட்டுத் தளத்தில் அதைப் போடவில்லை. மே மாதம் திருடர்கள் நுழைந்தனர், ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின.

அக்டோபரில், பதவி விலகிவிட்டிருந்த தலைமை அதிகாரி ரிச்சர்ட் ஸ்மித் நாடாளுமன்றக் குழுவின்முன் அளித்த விளக்கம்தான் எனக்கு ஒவ்வாதது. ஓர் ஊழியர் செய்தியை உரியவரிடம் சேர்க்கவில்லையாம்! கண்காணிப்புக் கருவியின் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் கிடந்ததே, அதுவும் அவர் பிழைதானா?

ஒட்டுப் போட்டால் ஓடுவது நின்றுவிடும் என்பர் நிர்வாகிகள். மெய்தான், சோதித்தே போடவேண்டும். (பிழைதிருத்தப் பட்டியலைப் புரட்டாமல் பாடம் நடத்தும் எங்களுக்கும் இச்சோம்பல் புதிதன்று.) ஆனால் சோதிக்க ஆளும் நேரமும் ஒதுக்கும் அதிகாரம் அந்த ஊழியரிடமா இருந்தது?