கையெழுத்தோடு கடமை முடிவதில்லை

மடுல்சீமைத் தோட்டங்களில் காலைப் பெரட்டு முதல் மாலையில் கொழுந்து நிறுக்கும் வரை, உழைப்பவரின் ஒரு நாள் வேறு சிலரின் கைகளில் இருக்கிறது. தராசு ஒருவர் கையில். செக்ரோல் இன்னொருவர் கையில். முழுப்பேரா அரைப்பேரா என்பதை அவரது பேனாவே தீர்மானிக்கிறது. நிறுவையில் குறையும் ஒரு கிலோ, அந்த வீட்டு அடுப்பிலும் குறைகிறது. அடுத்தவரின் வாழ்வு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்ற உணர்வையே நாம் தொழில் நெறி என்கிறோம்.

அந்த உணர்வு குன்றினால் என்ன நேரும் என்பதை நமது பதுளை மாவட்டம் அறியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. புதையுண்டவர்கள் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள். பின்னர் நாற்பதுக்கும் குறைவு என்றார்கள். ஒரு லயத்தில் எத்தனை உயிர்கள் வாழ்ந்தன என்பதையே உடனே சொல்ல முடியாத நிலை அன்று இருந்தது.

வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனிடம் இரத்தப்பழி கேட்கப்படும் என்கிறது எசேக்கியேல் ஆகமத்தின் 33ஆம் அதிகாரம். மீரியபெத்தையில் எக்காளம் ஊதப்பட்டது. ஆனால் அதன் ஓசை காகிதத்தோடு நின்றுவிட்டது. "நாங்கள் அறிவித்தோம், மக்கள் போகவில்லை" என்ற பதிலும் எழுந்தது. எங்கே போவது? லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலையும் அங்கே, பிள்ளைகளின் பாடசாலையும் அங்கே. மாற்றுக் காணியைக் காட்டாமல் வெளியேறச் சொல்வது பிலாத்து கை கழுவியதற்கு ஒப்பாகும். மீரியபெத்தை மக்களுக்கு மக்கல்தெனியவில் வீடுகள் கிடைக்க 2016 ஆயிற்று. பேரழிவுக்குப் பின் கிடைத்த காணி, அதற்கு முன்பே ஏன் கிடைக்கவில்லை? பதவியில் இருக்கும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்க வேண்டிய கேள்வி இது.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், செய்யும் வேலையைவிட அதைச் செய்யும் மனிதரே மேலானவர் என்று போதித்தார். கோவைகளுக்கும் இது பொருந்தும். கோவை மக்களுக்காகவே இருக்கிறது. கடிதத்தில் ஒப்பமிட்டதும் கடமை முடிந்துவிடாது. அந்தக் கடிதம் குறிப்பிடும் குடும்பம் பாதுகாப்பான கூரையின் கீழ் சேரும்போதே முடியும்.

காணியையும் வீட்டையும் விட்டு வந்து வாழும் குடும்பங்களே, பிறருடைய நெறியை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். கொடுக்கும் மனுவுக்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு கேளுங்கள். தமிழ் அரச கரும மொழி, தமிழிலேயே எழுதுங்கள். இழப்பைப் பதியும்போது வீட்டோடு மரக்கறித் தோட்டமும் மாடும் எழுதப்பட்டனவா என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கேட்ட தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். உங்கள் இடம் பற்றிய மண்சரிவு அறிக்கையை இச்சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

அதே அளவுகோல் நமக்கும் உண்டு. முகாம் குழுவில் பட்டியல் எழுதுபவரும் ஒரு பதவியில் இருப்பவரே. உறவினர் பெயரை முன்னே எழுதி, விதவைத் தாயின் பெயரைப் பின்னே தள்ளுகிறவர், தராசில் கை வைப்பவருக்குச் சளைத்தவர் அல்லர். குருக்களும் தொண்டர் நிறுவன ஊழியர்களும் இதற்கு விலக்கல்லர். கொடையாளருக்கு அனுப்பும் கணக்கை முதலில் மக்கள் கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

சிறியதில் உண்மையாய் இருக்கப் பழகுவோம். அப்போதுதான் பெரியதைக் கேட்கும்போது நமது குரலுக்கு வலு இருக்கும்.